வண்டி ஓடினா குளுரும், நின்னா வேகும்

பழைய கார் வச்சிருக்கறவங்களுக்கு இந்த வியாதி நல்லாத் தெரிஞ்சிருக்கும். ரோடு காலியா இருந்து அறுபதுல போனா ஏசி ஊட்டி மாதிரி இருக்கும். சிக்னல்ல நின்ன அஞ்சாவது நிமிஷம் ஊட்டி மலை இறங்கி மேட்டுப்பாளையம் வந்துடும். இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னா இட்லி குண்டான். :-)

நம்ம வண்டி 2009 மாடல். பேரு வேணாம், பாவம், இத்தனை வருஷம் உழைச்சிருக்கு. 2014-ல ரெண்டாவது கையா வாங்கினேன். குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல, வயசு ஒண்ணுதான். இருக்கறது காக்களூர். திருவள்ளூரைத் தெரிஞ்சவங்களுக்கு சிட்கோ எஸ்டேட், ஆவின் பால் பண்ணை, ஏரின்னு சொன்னா எடம் புரிஞ்சிடும். எஸ்டேட்டுல ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் கிரைண்டிங் தூசி, வெல்டிங் புகை, லாரி கிளப்புற மண்ணு. வண்டி நிக்கறதும் அதே தூசியிலதான். இது பின்னாடி கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க.

ஒரு காலத்துல ஏசி நமக்கு ஆடம்பரம். "கண்ணாடிய இறக்கினா காத்து சும்மா வருது, எதுக்கு பெட்ரோல எரிக்கணும்"ங்கற கட்சி நான். 2023-ல அந்தக் கட்சியை விட்டு வெளிய வந்தேன். வர வச்சது அப்பா.

அப்பாவுக்கு 71 வயசு. இதே எஸ்டேட்டுல மோட்டார் வைண்டிங் கடையில 28 வருஷம் வேலை பாத்தவர். சர்க்கரை வியாதி கிட்னியில போய் முடிஞ்சு, 2023-ல இருந்து வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். எடம் கிடைச்சது அம்பத்தூரைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில. விடிகாலையில கிளம்பி ஆறு மணிக்கு மெஷின்ல படுத்தா நாலு மணி நேரம். ஊசி எடுத்து, கட்டுப் போட்டு, பிரஷர் பாத்து, டிபன் சாப்பிட்டு வெளிய வர்றப்ப பதினொண்ணரை. அங்கிருந்து ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைன்னு சி.டி.எச். ரோட்டுல வீட்டுக்கு வரணும். உச்சி வெயில்ல.

டயாலிசிஸ் பண்றவங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தண்ணியோட அருமை இன்னொரு விதமா தெரியும். சிறுநீர் போறது கொறைஞ்சிட்டதால குடிக்கற தண்ணி உடம்புலயே தங்கிடும். அடுத்த டயாலிசிஸ்லதான் அது வெளிய வரும். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். காபி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கற தண்ணி எல்லாம் அதுல சேத்தி. ஒரு தடவை விட்டு அடுத்த தடவை போறதுக்குள்ள எடை எவ்வளவு ஏறியிருக்குன்னு எடை மெஷின்ல ஏத்திப் பாப்பாங்க. ஜாஸ்தி ஏறியிருந்தா அவ்வளவு தண்ணியையும் நாலு மணி நேரத்துல எடுக்கணும். அப்ப கால் சுளுக்கும், பிரஷர் இறங்கும்.

வெயில் ஜாஸ்தியானா தாகம் ஜாஸ்தியாகும். தாகம் ஜாஸ்தியானா மனுஷன் தண்ணி குடிப்பான். இதுக்கு டாக்டர்கிட்ட மருந்து கிடையாது. ஆக, எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் காரோட ஏசியும் அப்பாவோட மருந்துச்சீட்டுல ஒரு வரி.

2024 ஏப்ரல் கடைசி. எலக்‌ஷன் ஓட்டுப் போட்டு முடிச்ச சமயம். கத்திரி இன்னும் ஆரம்பிக்கல, ஆனா வெயில் ஆரம்பிச்சிடுச்சு. தினமும் நியூஸ்ல தமிழ்நாட்டுல ஜாஸ்தி வெயில் அடிச்ச ஊர்ப் பட்டியல் வாசிப்பாங்களே, அதுல நம்ம பக்கத்து ஊர் திருத்தணி தவறாம இருக்கும். அப்படி ஒரு நாள் ஆவடிகிட்ட ட்ராஃபிக். இருபது நிமிஷம் நகரல. ஏசியில இருந்து வெந்நீர் அண்டா மூடியத் தொறந்த மாதிரி காத்து வருது. கண்ணாடிய இறக்கினா பஸ்ஸோட புகை. பின் சீட்டுல அப்பா கண்ணை மூடிட்டு இருந்தார். தூங்கறார்னு நினைச்சேன். பக்கத்துல இருந்த தங்கமணிதான் "இந்தாங்க, மாமா கூப்பிட்டா பேச மாட்டேங்கறார்"ன்னு கத்தினா.

வண்டிய ஓரம் கட்டி, ஒரு மெடிக்கல் ஷாப் நிழல்ல படுக்க வச்சு, காலைத் தூக்கிப் பிடிச்சு... ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணு முழிச்சிட்டார். திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம். பிரஷர் இறங்கியிருக்குன்னாங்க. டயாலிசிஸ் முடிஞ்சவுடனே இறங்கற பிரஷரே சிலருக்கு மயக்கம் கொண்டு வரும், வெயில்ல ரத்தக் குழாய் விரிஞ்சா இன்னும் இறங்கும்னு டாக்டர் விளக்கினார். "வண்டியில ஏசி இல்லையா?"ன்னு கேட்டார். இருக்கு சார்னு சொன்னேன். சொல்லும்போது வெக்கமா இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவக் கேட்டேன், "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, வேகுதுன்னு?" அவர் சொன்னது, "சொன்னா நீ இன்னொரு தடவ கேஸ் அடிப்ப. எதுக்குடா தெண்டம்."

இந்த "இன்னொரு தடவ"யில ஒரு வரலாறு இருக்கு. மூணு வருஷமா ஒவ்வொரு கோடைக்கும் ஏசி கடைக்குப் போவேன். மெக்கானிக் பானெட்டத் தொறந்து, ஒரு பைப்பத் தொட்டுப் பாத்து, "கேஸ் தீந்துடுச்சு சார்"ம்பார். டப்பாவச் சொருகுவார். ஆயிரத்து இருநூறு. ரெண்டு நாள் நல்லா இருக்கற மாதிரி தோணும். அப்புறம் பழைய குருடி கதவத் தொறடின்னு ஆயிடும். மயக்கம் போட்ட மறுநாள் போன கடையில (கடை பேரு வேணாம்) இன்னும் பெரிய குண்டாப் போட்டாங்க. கம்ப்ரஸர் வீக், கூலிங் காயில் போச்சு, டேஷ்போர்டு மொத்தமும் இறக்கணும், 28,000. வண்டியோட ஆர்.சி. அந்த வருஷம் பதினஞ்சு வருஷம் முடியுது. எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், அதுக்கு ஃபீஸ் அஞ்சாயிரம், பசுமை வரி தனி. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா வண்டியத் தள்ளிவிட்டுடலாம்னு முடிவுக்கே வந்துட்டேன். புது வண்டிக்கு மாசத் தவணை கட்ட வழியில்ல. வித்துட்டா வாரத்துக்கு மூணு நாள், போக வர, வாடகைக் கார்தான். கணக்குப் போட்டா தலை சுத்துது.

அப்பாதான் நிறுத்தினார். திண்ணையில உக்காந்துக்கிட்டு, "வண்டி ஓடறப்ப குளுருதா?"ன்னார்.

"குளுருது."

"நின்னா?"

"வேகுது."

"அப்ப கம்ப்ரஸர் எப்படிடா போச்சு? ஓடறப்ப மட்டும் நல்லா ஆயிடுதா? ஓடறப்ப கெடைக்கற எதோ ஒண்ணு நிக்கறப்ப கெடைக்கல. அது என்னன்னு பாரு."

28 வருஷம் எரிஞ்சுபோன மோட்டாரப் பிரிச்சுப் பாத்த ஆளு. எந்த மோட்டார் வந்தாலும் ஏன் எரிஞ்சதுன்னு தெரியாம வைண்டிங் கட்ட மாட்டார்னு அவரோட வேலை பாத்தவங்க சொல்லுவாங்க. காரணம் தெரியாம கட்டினா அதே மோட்டார் அடுத்த மாசம் திரும்பி வரும்பார்.

இந்த எடத்துல ஏசி எப்படி வேலை செய்யுதுன்னு நாலு வரி சொல்லிடறேன். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

ஏசி குளுரத் "தயாரிக்கறது" இல்ல. உள்ள இருக்கற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது, அவ்வளவுதான். டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல கேஸ் கொறைஞ்ச அழுத்தத்துல கொதிச்சு ஆவியாகும். 134ஏ-ங்கற இந்த கேஸ் சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலயே கொதிச்சிடும். காயில்ல இருக்கற அழுத்தத்துல, சுமாரா 30 பி.எஸ்.ஐ., அது ஜீரோவுக்குக் கொஞ்சம் மேல கொதிக்கும். கொதிக்கறதுக்கு வேண்டிய சூட்டை நம்ம காத்துல இருந்து எடுத்துக்கும். நமக்குக் குளுரும். அப்புறம் கம்ப்ரஸர் அந்த ஆவிய அமுக்கி, வண்டியோட மூக்குல, ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்கற கண்டென்சருக்கு அனுப்பும். அங்க அது 60 டிகிரி சூட்டுல இருக்கும். வெளியில 40 டிகிரி வெயிலா இருந்தாலும் 60-ஐ விட 40 கம்மிதானே? அதனால கண்டென்சர் வழியா காத்து போகப் போக கேஸ் சூட்டை விட்டுட்டு திரவமாகி, ஒரு சின்ன துவாரத்து வழியா, அதாவது எக்ஸ்பான்ஷன் வால்வு வழியா, திரும்ப கூலிங் காயிலுக்கு வரும். சுத்திச் சுத்தி இதேதான்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, இது மூடின வளையம். பெட்ரோல் மாதிரி கேஸ் செலவாகறதே இல்ல. வருஷக் கணக்குல ரப்பர் ஹோஸ், ஷாஃப்ட் சீல் வழியா கொஞ்சம் கசியும், வாஸ்தவம். ஆனா வருஷா வருஷம் "தீந்துடுச்சு"ன்னா எங்கயோ ஓட்டை இருக்கணும். ஓட்டையத் தேடாம கேஸ் அடிக்கறது பஞ்சர் ஒட்டாம காத்தடிக்கற மாதிரி. ரெண்டாவது, கண்டென்சர்ல சூடு வெளிய போகலைன்னா உள்ள குளுர் வராது. வண்டி ஓடறப்ப எதிர்க்காத்து தானா வந்து மோதும். நிக்கறப்ப அந்தக் காத்தை இழுக்கறதுக்கு இருக்கற ஒரே ஆளு முன்னாடி இருக்கற ஃபேன்.

அப்பா "ஓடறப்ப கெடைக்கற எதோ ஒண்ணு"ன்னது இதைத்தான். காத்து.

ஞாயித்துக்கிழமை காலையில வேப்ப மரத்தடியில வண்டிய நிறுத்தினோம். அப்பாவுக்கு பிளாஸ்டிக் சேர். முதல் வேலை, அளக்கறது. 250 ரூபாய்க்கு குச்சி மாதிரி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி டேஷ்போர்டு நடு வென்ட்ல சொருகினேன். "கைய வச்சுப் பாத்தா குளுர்ற மாதிரி இருக்கு"ங்கற பேச்செல்லாம் அப்பாகிட்ட நடக்காது, மீட்டர்ல நம்பர் சொல்லணும். வெளியில 39 டிகிரி. ஏரிப் பக்கமா பைபாஸ்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன், 12. வந்து அஞ்சு நிமிஷம் ஐட்லிங்ல விட்டேன், 23. சிட்டுக்குருவி கூட ஜலதோஷம் புடிச்சுக்காது.

அடுத்தது அப்பாவோட பேப்பர் பரீட்சை. ஏசி போட்டு, ஃபேன் ஓடறப்ப, பழைய தினசரித் தாள் ஒரு பக்கத்தை முன் கிரில்லுகிட்ட பிடிக்கச் சொன்னார். இழுவை நல்லா இருந்தா தாள் 'சப்'புன்னு ஒட்டிக்கணும். நம்ம தாள் ஒட்டிக்கவே இல்ல, வெக்கப்பட்டுக்கிட்டு கீழ விழுந்தது. அப்பா கண்ணை மூடி ஃபேன் சத்தத்தக் கேட்டார். "ஓடுது, ஆனா மூச்சு இல்ல. முனகுது பாரு. பிரஷ் தேஞ்சிருக்கும்"னார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு.

முன் பம்பர் கிரில்லக் கழட்டினேன். கண்டென்சர் முகம் ஓரளவு சுத்தமாத்தான் தெரிஞ்சது. "முன்னாடி பாக்காத, ரெண்டுத்துக்கும் நடுவுல டார்ச் அடி"ன்னார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு விரல்கடை இடைவெளி. அங்க அடிச்சுப் பாத்தா... சாமி! தலகாணிப் பஞ்சு மாதிரி தூசி மெத்தை. கிரைண்டிங் தூசி, காஞ்ச வேப்பிலை, ஈசல் றெக்கை, ஒரு பாலித்தீன் கவர் பாதி. பத்து வருஷமா நம்ம எஸ்டேட்டே உள்ள குடியிருந்திருக்கு.

எஞ்சின நல்லா ஆற விட்டு, பேட்டரி வயரக் கழட்டிட்டு (ஃபேன் எப்ப வேணா தானா சுத்தும், விரல் போயிடும், இதுல விளையாடாதீங்க), ரேடியேட்டர் மேல் கிளிப்ப எடுத்துக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, தோட்டத்துக் குழாய் தண்ணியில உள்ளருந்து வெளிய வர்ற மாதிரி மெதுவா அடிச்சேன். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்ட வச்சு அடிச்சா அலுமினிய இதழெல்லாம் மடங்கி, இருக்கற வழியும் அடைச்சிடும். ஒரு மணி நேரம் கறுப்புத் தண்ணி. கடைசியில அந்தப் பக்கம் டார்ச் அடிச்சா இந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சது. மாட்டிட்டு அளந்தோம். ஐட்லிங்ல 19. செலவு பூஜ்யம், நாலு டிகிரி லாபம்.

அடுத்து ஃபேன் மோட்டார். புதுசே வாங்கிடலாம்னேன். அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே... மோட்டார் வைண்டர் வீட்டுல புது மோட்டார் வாங்கறதாவது!

ஓரத்துத் தகட்டை நிமிண்டிப் பிரிச்சோம். கார்பன் பிரஷ் ரெண்டும் பயத்தம்பருப்பு அளவுக்குத் தேஞ்சு கிடந்துச்சு. கம்யூட்டேட்டர் கரியேறிப் போயிருந்தது. எஸ்டேட்டுல அப்பா வேலை பாத்த கடைக்கு ஃபோன் பண்ணேன். இப்ப அதை நடத்தற தம்பி ஒரு டப்பா நிறைய விதவிதமா பிரஷ் எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். "பெரிப்பா, எத்தனை நாளாச்சு"ன்னு அவர் பக்கத்துல தரையில உக்காந்துட்டான். அளவுக்குச் சரியா எதுவும் அமையல. கொஞ்சம் பெரிசு ஒண்ண எடுத்து, எமரித் தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டு வந்தது அப்பாதான். இடது கையில டயாலிசிஸ் ஊசி போடற ஃபிஸ்டுலா இருக்கு, அந்தக் கைக்கு பாரம் குடுக்கக் கூடாது. அதனால அந்தக் கைய மடியில வச்சுக்கிட்டு, வலது கையாலயே தேய்ச்சார். கம்யூட்டேட்டர ஜீரோ நம்பர் தாள்ல மெருகேத்தி, நடு காடியில இருந்த கரிய ஹாக்ஸா பிளேடு முனையால சுரண்டச் சொன்னார். நான் சுரண்டினேன். ரெண்டு தடவ "அழுத்தாத"ன்னு திட்டு வாங்கினேன். கனெக்டர்ல ஒரு பின் கருகியிருந்தது, அதையும் தம்பி மாத்திக் குடுத்தான். வயர் கருகியிருந்தா மோட்டாருக்கு முழு வோல்ட் போகாது, புது மோட்டாரே போட்டிருந்தாலும் முனகிக்கிட்டுத்தான் ஓடியிருக்கும்.

ஒரு வருஷமா அப்பா கையில டி.வி. ரிமோட்டும் மாத்திரை டப்பாவும் தவிர வேற எதையும் நான் பாத்ததில்ல. அன்னிக்கு கை முழுக்கக் கரி. தங்கமணி மோர் கொண்டு வந்து குடுத்தா, அரை டம்ளர், அளந்து. அதைக்கூட கவனிக்காம வேலை பாத்துட்டு இருந்தார்.

மாட்டி ஓட்டினோம். தாள் 'சப்'புன்னு ஒட்டிக்கிச்சு. மூணு பேரும் சின்னப் பசங்க மாதிரி கை தட்டினோம். ஐட்லிங்ல 14. பிரஷ் 120 ரூபா. அந்தத் தம்பி அதையும் வாங்க மாட்டேன்னுட்டான். பாக்கெட்டுல திணிச்சு அனுப்பினேன்.

இதுக்கு மேல வீட்டுல செய்யக் கூடாது. கேஸ் சமாச்சாரம் ஆபத்து. ஐட்லிங்லயே இருநூறு, முன்னூறு பி.எஸ்.ஐ. அழுத்தம், திரவமா கையில பட்டா தோல் உறைஞ்சு போயிடும், கண்ணுல பட்டா கண்ணே போயிடும். திருவள்ளூர்ல ரெக்கவரி மெஷின் வச்சிருக்கற ஒரு கடையாத் தேடிப் போனேன். அந்த மெக்கானிக்கிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "எடை போட்டு ஏத்துவீங்களா?" ஏத்துவேன்னார். அப்ப சரி.

அவர் முதல்ல ரெண்டு பக்கமும் கேஜ் மாட்டினார். முந்தின கடைகள்ல யாரும் ரெண்டு பக்கம் மாட்டினதே இல்ல. அப்புறம் உள்ள இருந்த கேஸ மெஷின்ல இழுத்து எடை பாத்தார். பானெட்டுக்குள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எழுதியிருந்தது 450 கிராம். வெளிய வந்தது 610 கிராம்!

அதாவது, மூணு வருஷமா "தீந்துடுச்சு, தீந்துடுச்சு"ன்னு ஏத்தினது எல்லாம் மிச்சமா உள்ள உக்காந்திருக்கு. கேஸ் ஜாஸ்தியானாலும் குளுராது. கண்டென்சர்ல திரவம் தேங்கி, சூட்டை விடற எடம் கொறைஞ்சு, அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்கும். நல்லவேளை, 28,000-க்குப் புதுக் கம்ப்ரஸர் போட்டிருந்தா அதையும் இதே மாதிரி கொன்னிருப்பேன்.

நாப்பது நிமிஷம் வாக்கும் போட்டார். காத்தும் ஈரமும் வெளிய போக அது வேணும். அப்புறம் இருபது நிமிஷம் மெஷின நிறுத்திட்டு முள்ளு நகருதான்னு பாத்தார். நகரல, ஓட்டை இல்ல. சரியா 450 கிராம், எடுத்த ஆயிலுக்கு அளவா புது ஆயில். 1,800 ரூபா. ஐட்லிங்ல 11.

கடைசி ரெண்டு டிகிரி ஓசியில கிடைச்சது. ஹீட்டர் குமிழ் 'கூல்'ல இருந்தாலும் ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸும் சுடச்சுட இருந்தது. கேபிள் தளர்ந்து, வால்வு முழுசா மூடல. அதாவது ஒரு பக்கம் ஏசி குளுர வைக்க, இன்னொரு பக்கம் எஞ்சின் வெந்நீர் அதே காத்தைச் சுட வச்சிட்டு இருந்திருக்கு! மெக்கானிக் கிளிப்ப ரெண்டு பல்லு தள்ளிப் போட்டார். ஐட்லிங்ல 9. பைபாஸ்ல ஓட்டினா 6, 7. வெளியில அன்னிக்கு 40.

மூணு வருஷ டாப்-அப்புக்கு 3,600 போச்சு. சரி பண்ண ஆன மொத்த செலவு தெர்மாமீட்டரோட சேத்து ரெண்டாயிரத்து இருநூறுக்குள்ள.

எடை போட்டு ஏத்தணும்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஓசோன் படலத்த ஓட்டை போடுதுன்னு பழைய ஆர்-12 கேஸ 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் மூலமா நிறுத்த ஆரம்பிச்சு, அதுக்குப் பதிலா வந்ததுதான் இந்த 134ஏ. இது ஓசோன ஒண்ணும் பண்ணாது, ஆனா ஒரு கிலோ வெளிய போனா 1,400 கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு விட்ட அளவுக்கு பூமிய சூடாக்கும். அதனாலதான் ஐரோப்பாவுல 2017-ல இருந்து புதுக் கார்கள்ல இதைப் போட விடறதில்ல. நாம 'புஸ்'ஸுன்னு காத்துல விடற ஒவ்வொரு டப்பாவும் திருத்தணி வெயில்ல நம்ம பங்கு. இன்னொண்ணு, மலிவுன்னு சமையல் கேஸ அடிச்சு விடற புண்ணியவான்களும் இருக்காங்க. தப்பித் தவறியும் ஒத்துக்காதீங்க. கசிஞ்சா டேஷ்போர்டுக்குள்ள இருக்கறது வெடிகுண்டு.

இந்த ஊருக்கும் காருக்கும் சம்பந்தம் உண்டு. 1998-ல திருவள்ளூர் பக்கத்துல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலதான் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வர்றப்ப புது லான்சர் ஒண்ணு கண்ணாடிய ஏத்திக்கிட்டு சத்தமில்லாம தாண்டிப் போனதை அப்பா இப்பவும் சொல்லுவார். "உள்ள இருக்கறவனுக்கு வேர்க்காதாம்டா"ன்னு யாரோ சொன்னாங்களாம். வேர்வைங்கறது வேலை செய்யறவனோட தலையெழுத்துன்னு நினைச்ச காலம். இப்ப 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற கனரக லாரிகளுக்கே டிரைவர் கேபின்ல ஏசி கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. நம்ம எஸ்டேட் வாசல்ல வெயில்ல காயற டிரைவர்கள நினைச்சா, நல்ல சட்டம்.

வண்டிய விக்கல. ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, 2029 வரைக்கும் ஓடலாம்.

ரிப்பேர் முடிஞ்சு முதல் தடவ டயாலிசிஸ்ல இருந்து திரும்பினப்ப அதே ஆவடி, அதே ட்ராஃபிக். மீட்டரப் பாத்தேன், 9. கண்ணாடியில அப்பாவப் பாத்தேன். ஃபேன் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தார்னு நினைக்கிறேன், தலைய லேசா ஆட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு, "டேய், கொஞ்சம் கொறைடா, குளுருது"ன்னார். தங்கமணி சால்வைய எடுத்துப் போத்தினா. நான் கொறைக்கல. கொறைக்கற மாதிரி குமிழத் தொட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். :-)

அந்த வாரம் எடை ஏத்தம் ரெண்டு கிலோவுக்குள்ள இருந்தது. அதுக்கு முந்தி மூணரை வரைக்கும் போயிட்டு இருந்தது. ஏசியாலயா, அந்த வாரம் அடிச்ச மேகமூட்டத்தாலயா, இல்ல ஊறுகாய் ஜாடிய தங்கமணி ஒளிச்சு வச்சதாலயா, எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுல ஆளாளுக்கு ஒரு கட்சி.

பழைய வண்டிக்காரங்களுக்கு கடைசியா ஒரு வரிசை சொல்லிடறேன். தெர்மாமீட்டர் வாங்குங்க. ஓடறப்பவும் நிக்கறப்பவும் அளந்து எழுதி வைங்க. நிக்கறப்ப மட்டும் கெட்டுப்போனா கண்டென்சரையும் ஃபேனையும் பாருங்க, கேஸ் கடைக்கு அப்புறம் போகலாம். ஓடினாலும் நின்னாலும் ஒரே மாதிரி வேகுதுன்னா கேஸ், வால்வு, கம்ப்ரஸர்னு யோசிங்க. காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டர், இல்ல கூலிங் காயில்ல தூசி. ஹீட்டர் ஹோஸத் தொட்டுப் பாருங்க, சூடு, பாத்து. வெயில்ல நின்ன வண்டிய எடுத்ததும் கண்ணாடிய இறக்கி ரெண்டு நிமிஷம் ஓட்டி அனல வெளிய விட்டுட்டு, அப்புறம் ஏத்தி உள்காத்து சுத்தற பட்டனைப் போடுங்க. கறுப்பு ஃபிலிம் ஒட்டி சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, 2012-லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டாச்சு. மூடின ஷெட்டுல எஞ்சின ஓட விட்டு ஏசியில தூங்காதீங்க, அந்தப் புகையில இருக்கற விஷ வாயுவுக்கு வாசனை கூட இருக்காது.

இதெல்லாம் கத்திரியில செய்யாதீங்க. மாசி மாசமே பாத்துடுங்க. நான் இந்த வருஷமும் ஒரு ஞாயித்துக்கிழமை வேப்ப மரத்தடியில வண்டிய நிறுத்தி, பிளாஸ்டிக் சேர் போட்டுட்டேன். தினசரித் தாள் மடிச்சு அப்பா கையில ரெடியா இருந்தது.